ஆச்சியிடம் ஓடிபி கேட்ட மெய்யப்பன்

போன மாதம் எங்கள் பழைய வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். மோசடி மின்னஞ்சலிலிருந்தும் இணைய வங்கித் திருட்டிலிருந்தும் தப்பிப்பது எப்படி என்று பேசுவதற்கு, ஓய்வு பெற்ற என்னை அழைத்திருந்தார்கள். அழைப்பு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்காக வந்தது. தெரியாத எண். 'இங்கே தொடவும்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் தொடவில்லை. அழித்துவிட்டு அந்த எண்ணையும் தடை செய்துவிட்டேன்.

கூட்டத்தன்று நான் வீட்டில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கிளையின் தரைவழித் தொலைபேசியிலிருந்து இப்போதைய உதவி மேலாளர் கவிதா கூப்பிட்டாள்.

“மேடம், எல்லாரும் வந்து உக்காந்திருக்காக. நீங்க எங்குட்டு இருக்கீக?”

“எதுக்கு வந்து உக்காந்திருக்காக?”

“நீங்க பேசுறதைக் கேக்கத்தான் மேடம்!”

புதிதாகச் சேர்ந்த அதிகாரி தன் சொந்த எண்ணிலிருந்து அழைப்பை அனுப்பியிருக்கிறார். பேச வேண்டியவள் அவரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டாள். வாழைப்பூக் கறைக் கையோடு ஆட்டோ பிடித்துப் போய்ப் பேசினேன். அவர்கள் பெரிய திரையில் படங்களெல்லாம் தயாரித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து முன்வரிசையில் இருவர் தூங்கினார்கள். உமையாள் ஆச்சி கதையைச் சொன்னபோது விழித்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் கவிதா, “இதை எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவுகளுக்கு ஆகும்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தனபாக்கியம். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். எழுத்தராகச் சேர்ந்து, உதவி மேலாளராக ஓய்வு பெற்றேன். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கையால் எழுதப் பழகினோம். பழகி முடித்தபோது கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் பழகினோம், வாடிக்கையாளர்கள் கிளைக்கு வருவதையே நிறுத்திவிட்டுத் தங்கள் போனுக்குள் போய்விட்டார்கள். திருடர்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். அவ்வளவுதான்.

ரகசிய எண் என்பதை நம் மக்களுக்குப் புரியவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குக் காட்டியவர் என் சொந்தப் பெரியப்பாதான். அவருக்கு நானே ஏடிஎம் கார்டு வாங்கிக் கொடுத்து, நாலு இலக்க எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். அடுத்து ஊருக்குப் போனபோது வயற்காட்டுப் பக்கம் நடந்தேன். பம்புசெட்டு அறைச் சுவரில், தேர்தல் சின்னம் வரைகிற அளவுக்குப் பெரிதாக, நீலப் பெயிண்டில் நாலு எண்கள்.

“பெரியப்பா, இது என்ன?”

“நீ குடுத்த நம்பருதான் ஆத்தா. மறந்து மறந்து போகுது. அதான் நம்ம பெயிண்டரை விட்டு எழுதச் சொல்லிட்டேன். மழைக்கும் அழியாது.”

“யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“நான் எங்க சொன்னேன்? ஒரு வார்த்தை வாயைத் தொறக்கலையே.”

“சரி, கார்டு எங்க இருக்கு?”

“அங்குட்டுத்தான். நம்பருக்குக் கீழ, ஆணியில மாட்டியிருக்கு.”

மாட்டித்தான் இருந்தது. கார்டில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து. ஓட்டை போட்டதால் அது எந்த இயந்திரத்திலும் வேலை செய்யவில்லை; அது ஒன்றுதான் அவர் கணக்கைக் காப்பாற்றியது. அன்றைக்கே சுண்ணாம்பு குழைத்துச் சுவரை நானே அடித்தேன். மறு வாரம் பெரியப்பா கிளைக்குப் போன் செய்து, “ஆத்தா, செவத்துல என்ன நம்பரு இருந்துச்சு?” என்று கேட்டார்.

எங்கள் மேலாளர் சோமசுந்தரம் சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மானாமதுரைக்காரர். ஒல்லியான, உயரமான மனிதர். அவர் வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை. கிளையில் யாராவது “சார், அர்ஜென்ட்!” என்று ஓடி வந்தால், முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, ஒரு சில்லு, பிறகு மறு சில்லு என்று துடைப்பார். மாட்டிக்கொண்டு, “இப்பச் சொல்லுங்க” என்பார். அதற்குள் வந்தவரின் அவசரம் பாதி வடிந்துவிடும்.

ஆனால் அப்படிப்பட்டவரும் ஒரு முறை வழுக்கினார். ஆயுத பூஜை சமயம். எல்லா ஊழியர்களுக்கும் ஒரு மெயில் வந்தது: 'பண்டிகையை முன்னிட்டு ஊழியர்களுக்கு இலவச இனிப்புப் பெட்டி. உங்கள் பெட்டியைப் பதிவு செய்ய இங்கே சொடுக்கவும்.' சாருக்கு இனிப்பென்றால் உயிர். சொடுக்கினார். திரை முழுவதும் சிவப்பானது. 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். இது தலைமை அலுவலகம் நடத்திய மோசடி மெயில் சோதனை.' அதோடு விட்டார்களா? மீண்டும் பயிற்சி எடுக்க வேண்டியவர் என்று அவர் பெயரை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். கிளையில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எங்களில் பலரும் சொடுக்கியிருந்தோம். நான் இரண்டு பெட்டிக்குப் பதிவு செய்திருந்தேன்.

அன்றிலிருந்து சார் ஒரு மெயிலையும் நம்பவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அனுப்பியவரின் முகவரியை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்.

“அவசரப்படாதீக தனபாக்கியம். அந்தப் பேரு எவனும் எதை வேணும்னாலும் போட்டுக்கலாம். அந்தச் சுழிச்ச 'ஏ' இருக்குல்ல, அதுக்கு அங்குட்டு என்ன இருக்குன்னு பாருங்க. நம்ம பேங்குப் பேருல ஒரு எழுத்து கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? 'எல்' போட வேண்டிய இடத்துல ஒண்ணுன்னு நம்பரைப் போட்டிருக்கானா?”

ஒரு மெயில் படித்து முடிக்கவே காபி ஆறிவிடும். இன்றைக்கும் நான் அப்படித்தான் படிக்கிறேன், என் பேரன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து உட்பட.

இந்த ஜாக்கிரதையில் மண்டல மேலாளர் ஆய்வுக்கு வருவதாக அனுப்பிய உண்மையான மெயிலை, சார் மோசடி என்று புகார் செய்துவிட்டார். மெயிலுக்குப் பதில் இல்லை என்று மண்டல மேலாளரே போனில் வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“நான் மண்டல மேலாளர் பேசறேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுறாக” என்று சொல்லி சார் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் கிளை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் புதிதாகப் பொறுப்பேற்றவர், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சார் எழுந்து நின்று, மரியாதையாகக் கும்பிட்டு, “ஐடி கார்டு இருக்குங்களா?” என்றார். மண்டல மேலாளர் முகம் சிவக்கச் சிவக்க, கார் ஓட்டுநரை அனுப்பிப் பெட்டியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். சார் கண்ணாடியைத் துடைத்து, கார்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடியும் கார்டைப் பார்த்தார். போட்டோவில் தலையில் முடி இருந்தது.

“பழைய போட்டோங்களா?”

“ஆமாய்யா!”

போகும்போது மண்டல மேலாளர், “இந்த மாவட்டத்துல இத்தனை கிளை பார்த்தேன். என்கிட்ட கார்டு கேட்டது நீங்க ஒருத்தர்தான்” என்றார். அது பாராட்டா திட்டா என்று சார் ஓய்வு பெறும்வரை எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி உமையாள் ஆச்சி.

பள்ளத்தூரில் ஆச்சிக்குப் பலகாரத் தொழில். கணவர் காலமான பிறகு தொடங்கியது. வீட்டின் பின்கட்டில் பெரிய அடுப்புகள் போட்டு, ஊர்ப் பெண்கள் பலரை வேலைக்கு வைத்து, மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று செய்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் அனுப்புவார். ஆச்சியின் கண்ணுக்கு ஒரு சீடை உடைந்திருந்தாலும் தெரிந்துவிடும். எண்ணெய்க் கடைக்காரர் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார். இணைய வங்கி வசதியை வெளிநாட்டில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது போனில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஆச்சியிடம் இன்னொரு வழக்கம். அவர்கள் நகரத்தார் குடும்பம். புதிதாக யாரைப் பார்த்தாலும் நகரத்தார் பிள்ளையாகத் தெரிந்தால், 'எந்தக் கோயில்?' என்று கேட்பார். அவர்களுக்குள் ஒன்பது கோயில் பிரிவுகள். எந்தக் கோயில், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு ஓடும்.

தீபாவளிக்கு முந்தைய நாட்கள். ஆச்சிக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. 'சிங்கப்பூருக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. சிறிய கட்டணம் செலுத்தினால் இன்றே விடுவிக்கப்படும்.' பார்சல் அனுப்பியது உண்மை. அதிரசம் கெட்டுப்போகுமே என்ற பதற்றத்தில் ஆச்சி லிங்க்கைத் தொட்டார். எங்கள் வங்கிப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் வந்தது. பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் போட்டார். அந்தப் பக்கம் எங்களுடையது அல்ல. முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“வங்கிப் பாதுகாப்புப் பிரிவுலேர்ந்து பேசறேன் மேடம். உங்க கணக்கை யாரோ திருடப் பாக்கறாங்க. காப்பாத்தத்தான் கூப்பிட்டேன். உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க.”

“அது கிடக்கட்டும் தம்பி. உங்க பேரு?”

செட்டிநாட்டு வாடிக்கையாளர்களின் பெயர்களைப் பார்த்து வைத்திருப்பான் போல. “மெய்யப்பன்” என்றான்.

“மெய்யப்பனா! நம்ம பிள்ளையா! எந்தக் கோயிலு?”

“எல்லாக் கோயிலுக்கும் போவேன் மேடம்.”

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். ஆச்சிக்கு இரக்கம்தான் வந்தது. வெளியூரில் வளர்ந்த பிள்ளை, வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது என்று, ஒன்பது கோயில்களையும் வரிசையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். முடிப்பதற்குள் முதல் ஓடிபி காலாவதியானது. அடுத்தது வந்தது. “அப்பச்சி, அதான் உங்க அப்பா, பேரு என்ன? ஊரு எது?” கீழச்சிவல்பட்டி என்றான். “அங்க எந்த வீதி? முகப்புல ரெண்டு யானை இருக்குமே, அந்த வீடா?” இரண்டாவதும் காலாவதி. மூன்றாவது வந்தபோது ஆச்சிக்கு மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. நான்காவதில் ஆறையும் எட்டையும் மாற்றிச் சொன்னார். ஐந்தாவதின்போது, “சாப்பிட்டீகளா தம்பி?” என்று கேட்டாராம். அவன் இல்லை என்றிருக்கிறான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மையாக இருக்கும். அவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறானே.

இதெல்லாம் பிறகு ஆச்சியே எங்களிடம் சொன்னது. அந்த நேரத்தில் கிளையில் நடந்தது வேறு.

திரும்பத் திரும்ப ஓடிபி தவறியதால், சென்னையில் இருக்கும் எங்கள் மோசடிக் கண்காணிப்புப் பிரிவு ஆச்சியின் இணைய வங்கியைத் தற்காலிகமாக முடக்கியது. உடனே ஒரு தானியங்கி அழைப்பு ஆச்சிக்குப் போனது: 'இந்தப் பரிவர்த்தனையைச் செய்வது நீங்கள்தான் என்றால் ஒன்றை அழுத்தவும்.' ஆச்சி யோசித்தார். நான் நான்தானே? ஒன்றை அழுத்தினார். முடக்கம் நீங்கிவிட்டது. கண்காணிப்புப் பிரிவுக்கு அது சரியாகப் படவில்லை. வாடிக்கையாளரை நேரில் விசாரியுங்கள் என்று கிளைக்கு மெயில் அனுப்பினார்கள்.

மெயிலைப் பார்த்ததும் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“'அவசரம்'னு மூணு இடத்துல போட்டிருக்கான். கீழ ஒரு போன் நம்பரும் குடுத்திருக்கான். படிங்க தனபாக்கியம், முகவரியைப் படிங்க.”

எழுத்து எழுத்தாகப் படித்தேன். சரியாக இருந்தது. அப்போதும் அவர் மெயிலில் இருந்த எண்ணைக் கூப்பிடவில்லை. எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த பழைய சர்க்குலரில் உள்ள எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். இளையவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன். வந்த செய்தியில் உள்ள எண்ணிலேயே அந்தச் செய்தி உண்மையா என்று கேட்டால், திருடனிடம் போய் நீ நல்லவனா என்று கேட்பது போலத்தான். இணையத்தில் தேடினாலும் போலி எண்தான் முதலில் வந்து நிற்கும். கையில் ஏற்கெனவே உள்ள எண், பாஸ்புக்கில் அச்சடித்த எண், கார்டின் பின்னால் உள்ள எண், இவைதான்.

கண்காணிப்புப் பிரிவு, ஆமாம் நாங்கள்தான், சீக்கிரம் பாருங்கள் என்றது. அவர்கள் சொன்னது உமையாள் ஆச்சியின் பெயர். அந்தக் கணக்கில் இருப்பது தீபாவளிச் சரக்குக்கான முன்பணம், வேலை செய்யும் பெண்களின் கூலி, போனஸ் எல்லாம். கணக்கை முடக்கலாம் என்று கம்ப்யூட்டரில் கை வைத்தேன். அப்போது பார்த்து லிங்க், அதாவது கிளையின் நெட்வொர்க் இணைப்பு, போய்விட்டது. வெளியே சாலை தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள்.

சார் மறுபடியும் கண்காணிப்புப் பிரிவைக் கூப்பிட்டு, “நீங்களே முடக்கிருங்க” என்றார்.

“வாடிக்கையாளரே ஒண்ணை அழுத்தி உறுதி செஞ்சிட்டாங்க சார். மறுபடி முடக்கணும்னா கிளையிலேர்ந்து மெயில் வேணும்.”

“லிங்க் இல்லைங்க.”

“லிங்க் வந்ததும் மெயில் அனுப்புங்க.”

“லிங்க் வந்தா நானே முடக்கிருவேனே!”

“அப்ப மெயில் வேண்டாம் சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குத் துடைத்த துடைப்பில் ஒரு சில்லு கழன்று கையோடு வந்துவிட்டது.

நான் ஆச்சிக்குப் போன் செய்தேன். மெய்யப்பனை லயனில் காத்திருக்க வைத்துவிட்டு எடுத்தார். மெய்யப்பன் கெட்டிக்காரன். “பேங்குல இருந்து பேசற மாதிரி ஒரு பொம்பளை கூப்பிடுவா, அவதான் திருடி, நம்பாதீங்க” என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான்.

“ஆச்சி, நான் பேங்குலேருந்து தனபாக்கியம் பேசுறேன்.”

“வந்துட்டியா? உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“ஆச்சி, யாருக்கும் ஓடிபி சொல்லாதீக!”

“எனக்கே சொல்லித் தர்றியா? பேங்குல இருந்து யாரும் போன் பண்ணிக் கேக்க மாட்டாக, அப்படிக் கூப்பிட்டா வச்சுருங்கன்னு எங்க தனபாக்கியம் மேடம் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக.”

“அந்தத் தனபாக்கியம் நான்தான் ஆச்சி!”

“எல்லாக் கள்ளியும் அப்படித்தான் சொல்லுவா.”

நானேதான் என்று எப்படி நிரூபிப்பது? “போன வாரம் கிளைக்கு வந்தீகளே, பச்சைக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கிட்டு. முழங்கால் வலிக்குதுன்னு சொன்னீகளே.”

நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

“அடிப் பாவி, என்னை வேவு வேற பாக்குறியா!” என்று போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். என் எண்ணைத் தடை செய்திருந்தார். அதையும் முன்பு நடத்திய வாடிக்கையாளர் கூட்டத்தில் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

சார் என்னைப் பார்த்தார். ஒரு கண்ணுக்குச் சில்லு இருந்தது, ஒரு கண்ணுக்கு இல்லை. “நேர்ல போங்க. நான் லிங்க்கைப் பாக்குறேன்” என்றார். அவர் குரலில் வேகத்தை அன்றுதான் கேட்டேன்.

ஸ்கூட்டரை எடுத்தேன். கோட்டையூரில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. மாப்பிள்ளை காரில் நிதானமாகக் கை அசைத்துக்கொண்டு போனார். நான் ஹாரனை அடிக்க, நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்து முறைத்தார். வழியெல்லாம் ஆச்சி வீட்டில் வேலை செய்யும் பெண்களின் முகங்கள்தான் கண்முன் வந்தன. எல்லாருக்கும் நான்தான் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தேன்.

பின்கட்டுக்குள் நுழைந்தபோது அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஆச்சி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் ஒரு மாவு டின் மேல் ஸ்பீக்கரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் ஆச்சி முகம் மலர்ந்தது.

“வாங்க மேடம், வாங்க! நல்ல நேரத்துல வந்தீக. உங்க பேரைச் சொல்லி ஒரு கள்ளி போன் பண்ணுறா!”

“அந்தக் கள்ளி நான்தான் ஆச்சி.”

ஆச்சிக்கு விளங்கவில்லை. “இல்ல மேடம், அவ குரலு கட்டை. இந்தா, நம்ம மெய்யப்பன் லயன்ல இருக்காரு. இப்பத்தான் ஒரு நம்பரைச் சரியாச் சொல்லி முடிச்சேன். காசைப் பத்திரமான கணக்குக்கு மாத்திட்டாராம். மிச்சத்துக்கு இன்னொரு நம்பரு வருது.”

ஒரு தொகை போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் 'டிங்' என்றது, அடுத்த ஓடிபி. டின் மேலிருந்த போனை எட்டி எடுத்தேன். கைபட்டு டின் கவிழ்ந்து நான் இடுப்பு வரை மாவானேன்.

“மேடம், ஓடிபி வந்திருக்கா?” என்றது போன்.

“வந்திருக்கு. நீ யாரு?” என்றேன்.

“நீங்க யாரு?”

“நீ சொன்னியே, போலி ஆபீசர். அது நான்தான்.”

அழைப்பு துண்டானது. ஆச்சி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகத்தான் புரிந்தது. “அப்ப... அவன் நம்ம பிள்ளை இல்லையா?” என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பணத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வந்தது. வாயால் கேட்கவில்லை, வேலை செய்துகொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். எண்ணெயில் கிடந்தது கருகிய வாசம் வந்த பிறகுதான் ஆச்சி எழுந்து அரிகரண்டியை எடுத்தார்.

அழவோ திட்டவோ அப்போது நேரமில்லை. இந்த மாதிரி வேளையில் முதல் ஒரு மணி நேரம் தங்கத்துக்குச் சமம். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தள்ளிக்கொண்டே போவான். அவன் வெளியே எடுப்பதற்குள் பிடிக்க வேண்டும். மாவு அப்பிய கையோடு ஆச்சியின் போனிலிருந்தே அரசின் இணையக் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். பரிவர்த்தனை எண், நேரம், பணம் போன கணக்கு எல்லாம் குறுஞ்செய்தியில் இருந்தன. பலர் வெட்கப்பட்டு அந்தக் குறுஞ்செய்தியைத்தான் முதலில் அழிக்கிறார்கள். அழிக்கவே கூடாது. அடுத்து பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். “உங்க திரையை அவன் பாக்குறதுக்குன்னு எதையாவது போன்ல இறக்கச் சொன்னானா ஆச்சி?” என்று கேட்டேன்.

“சொன்னான். அதை இறக்குறதுக்குள்ள அதிரசம் போட ஆளு கூப்பிட்டாக, போயிட்டேன்.”

அப்படி ஒரு செயலியை மட்டும் இறக்கியிருந்தால், அவனுக்கு ஓடிபி கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அதிரசத்துக்கு நன்றி.

சார் கூப்பிட்டார். லிங்க் வந்துவிட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணக்கை முடக்கிவிட்டதாகவும், பணம் போய்ச் சேர்ந்த வங்கியில் பேசி அங்கேயும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். “பெரும் பகுதி அங்கதான் நிக்குது. ஆனா திரும்பி வர நாளாகும்னு ஆச்சிகிட்டச் சொல்லுங்க” என்றார். சொன்னேன்.

அந்தத் தீபாவளியை ஆச்சி எப்படிச் சமாளித்தார் என்பது அவருக்கும் அந்தப் பெண்களுக்கும்தான் தெரியும். கூலியைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். ஆச்சி அதை என்னிடம் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல வேளையாகச் சிங்கப்பூர்ப் பார்சல் சுங்கத்தில் எங்கேயும் நிற்கவே இல்லை. சொன்ன நாளில் போய்ச் சேர்ந்து, அடுத்த சரக்குக்கும் ஆர்டர் வந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள். ஆச்சி கிளைக்குள் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து போனை எடுத்து, அதைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து, என் மேசை மேல் வைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

“மேடம், எவனோ என் கணக்குல பணம் போட்டுட்டான்.”

“என்ன ஆச்சி சொல்லுறீக?”

“மெசேஜ் வந்திருக்கு. நான் தொடலை. புதுசா வலை விரிக்கிறான் மேடம். எடுத்துருங்க.”

பார்த்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆச்சியின் பணம்தான், நீதிமன்ற உத்தரவு கிடைத்துத் திரும்பி வந்திருந்தது. சொன்னேன். நம்பவில்லை. சாரிடம் அழைத்துப் போனேன். புதுக் கண்ணாடி போட்டிருந்த சார், கணினித் திரையைத் திருப்பிக் காட்டி நிதானமாக விளக்கினார். ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண் கலங்கியது.

“அப்ப அந்தத் தம்பி மனசு மாறித் திருப்பிக் குடுத்துட்டான்” என்றார்.

“அவன் குடுக்கலை ஆச்சி. போலீசும் பேங்கும் சேர்ந்து பிடிச்சு வச்சது.”

“நீங்க உங்க வேலையைச் சொல்லுறீக, சரி. ஆனா அம்புட்டு நேரம் என்கூடப் பேசுன பிள்ளை. நான் கோயிலைப் பத்திச் சொன்னப்ப 'உம்' கொட்டிக் கேட்டான். அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல?”

நானும் சாரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். பயனில்லை. ஓடிபி விஷயத்தில் ஆச்சி அதன் பிறகு இம்மியும் ஏமாறவில்லை. சொந்த மகன் கேட்டால்கூட 'நேர்ல வந்து கேளு' என்கிறார். மெய்யப்பன் விஷயத்தில் மட்டும் அவர் மாறவில்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு டின் மனகோலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“எனக்கு அவன் விலாசம் தெரியாது. சாப்பிடலைன்னு சொன்னான், பாவம். எப்பவாவது இங்குட்டு வந்தா இதைக் குடுத்துருங்க.”

வாடிக்கையாளரிடமிருந்து பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்பது விதி. இது எங்களுக்கான பரிசு அல்ல, மூன்றாம் நபருக்கானது என்பதால் வாங்கி வைக்கலாமா என்று சார் நெடுநேரம் யோசித்தார். கடைசியில் வாங்கி அலமாரியில் வைத்தோம். ஒரு வாரம் காத்திருந்தோம். மெய்யப்பன் வரவில்லை.

மனகோலம் மிக நன்றாக இருந்தது.